ஒரு பவுண்டு தானியம்

ஒரு ஆள் நாள் முழுக்க மண்வெட்டி பிடித்து வேலை செய்ய வேண்டும். சாகவும் கூடாது. அதற்குக் குறைந்தபட்சம் எவ்வளவு சாப்பாடு போட்டால் போதும்?

விபரீதமான கேள்விதான். ஆனால், 1877-ல் சென்னை ராஜதானியில் இதை ரொம்ப சீரியஸாக விவாதித்துக் கொண்டிருந்தார்கள். விவாதத்தைக் கிளப்பியவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க வைஸ்ராய் லிட்டன் அனுப்பி வைத்த அதிகாரி. பதிலையும் அவரே சொல்லிவிட்டார்: ‘ஆளுக்கு ஒரு பவுண்டு தானியம், கையில் கொஞ்சம் சில்லறை!’

ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். அதைக் கொடுத்துவிட்டு, கல் உடைக்கவும் மண் சுமக்கவும் சொன்னார்கள்.

‘தாது வருஷப் பஞ்சம்’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1876-ல், தாது வருடத்தில் மழை பொய்த்தது. அடுத்த வருடமும் சரியாகப் பெய்யவில்லை. ஊர் ஊராக ஜனங்கள் சுருண்டு விழுந்தார்கள். அதே 1877-ம் வருடம் ஜனவரி முதல் தேதி டெல்லியில் லிட்டன் மாபெரும் தர்பார் நடத்தி, விக்டோரியாவை ‘இந்தியாவின் பேரரசி’ என்று பிரகடனம் செய்தார். அங்கே விருந்து. இங்கே ஒரு பவுண்டு!

டெம்பிளைக் கல்நெஞ்சக்காரர் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. மூன்று வருடத்துக்கு முன்னால் பீகாரில் பஞ்சம் வந்தபோது இதே மனிதர் பர்மாவிலிருந்து அரிசியை வரவழைத்துத் தாராளமாக வழங்கினார். சாவு மிகக் குறைவு. ஆனால், ‘இவ்வளவு செலவா?’ என்று மேலிடத்தில் அவரை வறுத்தெடுத்துவிட்டார்கள். அந்தக் கெட்ட பெயரைத் துடைக்கத்தான் சென்னையில் சிக்கன சிகாமணியாக மாறினார். பலி... நம்மவர்கள்.

அப்போது இங்கே ஒரே ஒரு குரல் பலமாக எழுந்தது. டாக்டர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ், சென்னை ராஜதானியின் சுகாதார கமிஷனர். தென்னாட்டு மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், சிறைக் கைதிகளுக்கு எவ்வளவு தர வேண்டும் என்றெல்லாம் 1863-லேயே அறிக்கை தொகுத்தவர். ‘வெறும் தானியம் உடம்பைத் தாங்காது, பருப்பும் வேண்டும். இந்த அளவில் வேலை வாங்கினால் மெல்ல மெல்லப் பட்டினி போட்டுக் கொல்வதாகத்தான் அர்த்தம்’ என்று வாதாடினார். டெம்பிளுக்கு இந்த ரசாயனக் கணக்கெல்லாம் பிடிக்கவில்லை. பிறகுதான் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் அரசு அளவைக் கூட்டியது. அதற்குள் எவ்வளவோ நடந்துவிட்டது.

பிற்காலத்தில் மைக் டேவிஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் ஒரு கணக்குப் போட்டார். டெம்பிளின் கூலியில் கிடைத்தது 1,627 கலோரி. ஹிட்லரின் புக்கன்வால்ட் வதைமுகாமில் 1944-ல் கொடுத்தது 1,750 கலோரி. படித்துவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருந்தேன்.

இந்தப் பஞ்சம் கடுமையாகத் தாக்கிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. திருச்செங்கோடு அன்றைக்கு சேலம் மாவட்டத்தின் ஒரு தாலுகா (நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல்தான்). மானத்தைப் பார்த்து விதைக்கிற பூமி. கம்பு, சோளம், ராகி. மழை இருந்தால் களியும் கம்பஞ்சோறும். இல்லாவிட்டால் அதுவும் இல்லை. 1871 ஜனத்தொகைக் கணக்கில் சேலம் மாவட்டத்தில் இருந்தவர்கள் 19,66,995 பேர். 1881-ல் எண்ணியபோது 15,99,595. பத்து வருடத்தில் பெருகியிருக்க வேண்டிய ஜனத்தொகை, மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்துவிட்டது! செத்தவர்கள் பாதி, பிழைப்புத் தேடி ஊரைவிட்டே போனவர்கள் மீதி என்றெல்லாம் சரியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஐந்தில் ஒரு பங்கு ஜனத்தைக் காணோம், அவ்வளவுதான்.

பிறகு மழை பெய்தது. மிச்சமிருந்தவர்கள் மறுபடி ஏர் பிடித்தார்கள். சரித்திரப் புத்தகம் அத்துடன் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும்.

நாம் போகப் போவதில்லை. ஏனென்றால், பஞ்சம் தின்றது செத்தவர்களை மட்டும்தானா என்று ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அந்த நேரத்தில் தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகள்? பிறந்து, தப்பிப் பிழைத்து, வளர்ந்து, நாற்பது ஐம்பது வயது வாழ்ந்தவர்களுடைய உடம்பு அந்தப் பட்டினியை மறந்துவிட்டதா?

சேலத்தில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை. குழந்தையை யார் தராசில் நிறுத்தினார்கள்! பதில் தேடி இங்கிலாந்து போக வேண்டும்.

அங்கே ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்று ஒரு மாவட்டம். போயர் யுத்தத்துக்கு ஆள் எடுக்கும்போது பிரிட்டிஷ் வாலிபர்கள் சோப்ளாங்கிகளாக இருப்பதைப் பார்த்து அரசாங்கம் பதறிப்போன காலம். ‘குழந்தையிலேயே கவனிக்க வேண்டும்’ என்று எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற அம்மையார் முடிவு செய்தார். 1911-லிருந்து அவருடைய நர்ஸுகள் வீடு வீடாகப் போய்ப் பிறந்த குழந்தையை எடை போட்டார்கள். ஒரு வயதானதும் மறுபடி ஒருமுறை. எல்லாம் பேரேட்டில் ஏறியது.

எழுபது வருடம் கழித்து அந்தப் பேரேடுகள் டேவிட் பார்க்கர் என்ற டாக்டர் கையில் சிக்கின. அவரைக் குடைந்துகொண்டிருந்தது வேறொரு புதிர். மாரடைப்பு ‘பணக்காரன் வியாதி’ என்கிறார்களே, இங்கிலாந்தில் ஏழைகள் வசிக்கும் பகுதிகளில்தானே அது அதிகம்? எப்படி? பேரேட்டில் இருந்த 5,654 ஆண்களைப் பின்தொடர்ந்து, யார் யார் எதனால் செத்தார்கள் என்று பார்த்தார். 1989-ல் முடிவு வெளியானது. ஒரு வயதில் எட்டு கிலோவைத் தாண்டத் திணறிய குழந்தைகள், பெரியவர்களானபின் இதய நோயால் இறந்த விகிதம், பன்னிரண்டு கிலோ இருந்த குழந்தைகளைப்போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு!

மருத்துவ உலகம் முதலில் சிரித்தது. அறுபது வயது ஹார்ட் அட்டாக்குக்கும் ஒரு வயது எடைக்கும் என்னய்யா சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. பற்றாக்குறையில் குடும்பம் நடத்தும் ஒரு அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கிற கொஞ்ச சோற்றை யாருக்குப் போடுவாள்? வயிற்றுக்குள் இருக்கும் சிசுவும் அதையேதான் செய்கிறது. முதல் பங்கு மூளைக்கு. மிச்சம் மீதி மற்ற உறுப்புகளுக்கு. தசை குறைகிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் குறைகின்றன. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் எண்ணிக்கையில் குறைந்து போகின்றன. அந்த வடிகட்டிகள் பிறப்பதற்கு முன்பே உருவாகி முடிந்துவிடும். பிறகு எவ்வளவு பாலும் நெய்யும் ஊற்றினாலும் புதிதாக ஒன்றுகூட முளைக்காது. ஆக, குழந்தை ஒரு சின்ன முதலீட்டோடு கடையைத் திறக்கிறது. சின்ன வியாபாரம் நடக்கும் வரைக்கும் பிரச்னை இல்லை. திடீரென்று பெரிய சரக்கு வந்து இறங்கினால்தான் திண்டாட்டம். ரத்தத்தில் வந்து குவியும் சர்க்கரையை வாங்கி வைக்கத் தசையில் இடமில்லை. அனுப்பி வைக்க இன்சுலின் போதவில்லை. சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு, கடைசியில் இதயம்.

இதற்கு இரண்டு கொடுமையான சாட்சிகள் உண்டு. இரண்டுமே இரண்டாம் உலகப் போரில்.

1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர்கள் ஹாலந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் தடுத்தார்கள். ரேஷன் ஆயிரம் கலோரிக்கும் கீழே போனது. டூலிப் கிழங்கைத் தின்றார்கள். சில மாதங்கள்தான். போர் முடிந்ததும் அந்த நாடு செழிப்பாகிவிட்டது. அந்தப் பட்டினியின்போது கருவில் இருந்தவர்களை ஐம்பது வயதில் பரிசோதித்தபோது சர்க்கரையைச் சமாளிக்கும் சக்தி குறைந்திருந்தது. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் பட்டினியைச் சந்தித்தவர்களிடம் இதய நோயும் அதிகம்.

இன்னொரு சாட்சி லெனின்கிராட். அங்கே முற்றுகை 1941-லிருந்து 1944 வரை, கிட்டத்தட்ட 900 நாள். ஹாலந்தைவிடப் பயங்கரம். அங்கே கருவில் இருந்தவர்களையும் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். என்ன ஆச்சரியம், சர்க்கரைக் கோளாறு மற்றவர்களைவிட அதிகமாக இல்லை!

ஏன்? ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் ஒரு விளக்கம் யோசிக்க வைக்கிறது. லெனின்கிராட் குழந்தைகளுக்குப் போருக்குப் பிறகும் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. ஒல்லியாகப் பிறந்து, ஒல்லியாகவே வளர்ந்தார்கள். ஹாலந்துக் குழந்தைகளுக்கோ பட்டினிக்குப் பின்னாலேயே வெண்ணெயும் சீஸும் வந்துவிட்டன. உடம்பு ஒரு கணக்கில் தயாராகி, வேறொரு கணக்கில் வாழ நேர்ந்தது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் மெமோரியல் என்ற மிஷன் ஆஸ்பத்திரி. 1934-லிருந்து அங்கே பிறந்த குழந்தைகளின் எடை பதிவாகி இருக்கிறது. அப்படிப் பிறந்த 517 பேரை, பெரியவர்களானபின் தேடிப்பிடித்து இதயத்தைச் சோதித்தார்கள். 1996-ல் முடிவு வந்தது. இரண்டரை கிலோ அல்லது அதற்கும் குறைவாகப் பிறந்தவர்களில் நூற்றுக்குப் பதினொரு பேருக்கு இதய நோய். மூன்று கிலோவுக்கு மேல் கனமாகப் பிறந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான்.

அடுத்து புனே. டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் சுற்று வட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார். நம் குழந்தை சராசரியாக 2.7 கிலோ. வெள்ளைக்காரக் குழந்தை 3.5 கிலோ. இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது எது தெரியுமா? கையும் தசையும் வயிறும் சிறுத்திருந்த நம் குழந்தையின் முதுகுத்தோலுக்கு அடியில் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை! வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. அதற்கு அவர் வைத்த பெயர் ‘ஒல்லி-குண்டு இந்தியக் குழந்தை’. பாதி ஆண், பாதி பெண்ணாக ஈசன் நிற்கிற திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு, ஒரே உடம்பில் இரண்டு குணம் என்பதை ரொம்ப விளக்க வேண்டியதில்லை.

யாஜ்னிக் இன்னொரு வேடிக்கையும் செய்தார். லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் ‘பி.எம்.ஐ.’ கணக்கு இருவருக்கும் அச்சாக ஒன்றே: 22.3. ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பு? யுட்கினுக்கு 9.1 சதவிகிதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவிகிதம். 2004-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் அந்தப் போட்டோவை வெளியிட்டது. நம் ஊர் டாக்டர்கள் 2009-ல் கூடி, வெள்ளைக்காரனுக்கு 25-ல் ஆரம்பிக்கும் ‘எடை அதிகம்’ நமக்கு 23-லேயே ஆரம்பிக்கிறது என்று அறிவித்ததற்குப் பின்னால் இந்த மாதிரி ஆதாரங்கள்தான் இருந்தன. இடுப்புச் சுற்றளவுக்கும் தனி எல்லை: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. ‘எனக்கென்னங்க, நான் ஒல்லிதானுங்களே’ என்று நம்மில் பலர் நம்பிக்கொண்டிருப்பதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது, பாருங்கள்.

இவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது டெல்லி ஆராய்ச்சி. 1969-லிருந்து 1972 வரை தெற்கு டெல்லியில் பிறந்த குழந்தைகளைப் பல வருடம் விடாமல் எடை போட்டு, உயரம் அளந்து வைத்தார்கள். 26 முதல் 32 வயதுக்குள் இருந்தபோது 1,492 பேரின் சர்க்கரையைப் பார்த்தார்கள். கோளாறு யாருக்கு வந்திருந்தது? இரண்டு வயது வரை மெலிந்திருந்து, பிறகு சீராக, நிறுத்தாமல் சதை போட்டவர்களுக்கு. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், பன்னிரண்டு வயதில் அவர்களில் ஒருவர்கூட ‘குண்டு’ கணக்கில் வரவில்லை! பள்ளிக்கூடத்தில் யாரும் கேலி செய்திருக்க மாட்டார்கள். அம்மாவே கவலைப்பட்டிருக்க மாட்டாள். தன் கூட்டாளிகளோடு ஒப்பிட்டால் சாதாரணம். தன்னுடைய இரண்டு வயது உடம்போடு ஒப்பிட்டால் வேகமான ஏற்றம். அந்த வேகம்தான் வினை.

அப்படியானால் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டைக் குறைப்பதா? ஐயையோ, தப்பாகப் புரிந்துகொள்ளாதீர்கள். முதல் இரண்டு வயதில் நன்றாக எடை கூடுவது நல்லது. அதற்காகத்தான் தமிழ்நாட்டில் 1980-ல் உலக வங்கிக் கடனோடு ஒரு ஊட்டச்சத்துத் திட்டம் சில மாவட்டங்களில் தொடங்கியது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதாமாதம் தராசில் போட்டு, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் மூன்று மாதம் சத்துருண்டை. பசியை எடைக்கல்லால் பிடித்த திட்டம். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைப் பெரிதாக விரித்தபோது அது கண்ணை நிறைத்தது. இந்த மாதாந்திர எடைச் சீட்டு அந்த அளவுக்குப் பேர் வாங்கவில்லை. என்னைக் கேட்டால், கார்னிஷ் இருந்திருந்தால் இந்தச் சீட்டைத்தான் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார்.

இனி, திருச்செங்கோட்டை ஒரு சுற்று பாருங்கள். மழையை நம்பி இருந்த அந்தப் பூமியிலிருந்து போர்வெல் போடும் ரிக் வண்டிகள் இந்தியா பூராவும் கிளம்பிப் போகின்றன. தண்ணீர் இல்லாத ஊர், நாட்டுக்கே தண்ணீர் தோண்டித் தருகிறது! லாரி, விசைத்தறி என்று உழைத்து முன்னுக்கு வந்த ஊர். களி போய் அரிசிச் சோறு வந்தது, பிறகு புரோட்டாவும் பிரியாணியும் வந்தன. மலைக்கோயிலுக்கு ஆயிரத்து இருநூறுக்கும் மேல் படிகள். இப்போது கார் மேலேயே போய் நிற்கிறது. தப்பென்று சொல்லவில்லை. முழங்கால் வலிக்காரர்களுக்கும் அர்த்தநாரீஸ்வரர் தரிசனம் வேண்டுமே. ஆனால், ஹாலந்துக்கு ஒரே தலைமுறையில் நடந்தது இங்கே இரண்டு மூன்று தலைமுறையில் நடந்திருக்கிறது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வுப்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடிப் பேர்.

இதற்கெல்லாம் தாது வருஷப் பஞ்சம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படி யாரும் நிரூபிக்கவில்லை. 1877-லிருந்து இன்று வரை ஐந்தாறு தலைமுறை. ஆனால் பஞ்சம் போனபிறகும் அரைப் பட்டினி போகவில்லையே? குடும்பத்தில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் யார்? பானையின் அடியில் ஒட்டியதை வழித்துப் போட்டுக்கொண்டவள் யார்? மெலிந்த தாய்க்கு மெலிந்த மகள், அவளுக்கு மெலிந்த குழந்தை. அந்தச் சங்கிலிக்கு டெம்பிள் தேவையில்லை. ‘வயித்துப் புள்ள பெருசாயிட்டா பிரசவம் கஷ்டம் கண்ணு, அளவாச் சாப்புடு’ என்று அன்போடு சொல்லும் ஒரு பாட்டி போதும்.

பெரியவர்களான பிறகும் கதை முடிவதில்லை. அமெரிக்காவில் லட்சத்துக்கும் அதிகமான நர்ஸுகளைப் பல வருடம் கவனித்தார்கள். பதினெட்டு வயதில் இருந்த எடையைவிட ஐந்திலிருந்து எட்டு கிலோ ஏறியவர்களுக்கே சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்கு நெருங்கியது. எட்டிலிருந்து பதினொரு கிலோ என்றால் 2.7 மடங்கு. கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள், கணக்குப் புரியும். வயதான பிறகு நிலைமை தலைகீழ். எழுபது வயதுக்காரர் ஒரு முயற்சியும் செய்யாமல் தானாக இளைத்தால் ‘உடம்பு கச்சிதமாயிடுச்சு’ என்று சந்தோஷப்படக் கூடாது. கரைவது கொழுப்பாக இல்லாமல் தசையாக இருக்கலாம். உள்ளே வேறு நோய் இருக்கலாம். டாக்டரிடம் போக வேண்டும்.

சின்ன முதலீட்டோடு பிறந்துவிட்டவர்கள் என்ன செய்வது? சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்கு நடைப்பயிற்சியும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும். இன்னொரு பிரிவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். மூன்று வருடத்தில் சும்மா இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. நடந்தவர்களில் 39 பேருக்கு. 2006-ல் வெளியான இந்த முடிவில் ரசமான பகுதி எது என்றால், நடந்தவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை! தராசு முள் அசையவில்லை. ஆனாலும் தசைக்குள் ஏதோ வேலை நடந்திருக்கிறது. ‘ஒரு மாசமா நடக்குறேன், அரைக் கிலோகூடக் குறையலை’ என்று நடப்பதை நிறுத்திவிட்ட நண்பர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

பிறக்கப்போகும் குழந்தைக்கு? இதற்கு மும்பைச் சேரிகளில் ஒரு பரிசோதனை நடந்தது. கல்யாணமாகிக் கர்ப்பமாகக் காத்திருக்கும் பெண்களுக்குத் தினமும் ஒரு பலகாரம். கீரை, பழம், பால் சேர்த்துச் செய்தது. 2014-ல் கணக்குப் பார்த்தால், குழந்தைகளின் எடை சராசரியாக வெறும் 26 கிராம்தான் கூடியிருந்தது. அதைப் பெரிய வித்தியாசமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கர்ப்பத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பிருந்தே பலகாரம் சாப்பிட்ட பெண்களின் குழந்தைகளுக்கு 48 கிராம் கூடியிருந்தது. ‘மாசமா இருக்கா, இனிமே நல்லாப் போடு’ என்று ஆரம்பிப்பதே தாமதம் என்று அர்த்தம்.

அதே பெண்களிடம் இன்னொன்றும் பார்த்தார்கள். கர்ப்பகாலத்தில் வரும் சர்க்கரை நோய், கீரைப் பலகாரம் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு. கீரையும் பழமும் பாலும் குறைவான வேறு பலகாரம் சாப்பிட்டவர்களில் பன்னிரண்டு பேருக்கு.